ஆஸ்டெக் மக்காச்சோளத் தெய்வங்கள்: கதிரைக் கையில் எடுத்துக்கொண்டு தொடங்குங்கள்

ஆஸ்டெக் புராணத்துக்குள் புதிதாக நுழைபவர்கள் தடுமாறுகிற முதல் இடம் இதுதான். மக்காச்சோளத்துக்கு யார் தெய்வம் என்று தேடுவார்கள். ஓரிடத்தில் சென்டியோட்ல் என்ற இளைஞன் பெயர் இருக்கும். இன்னோரிடத்தில் சிக்கோமெக்கோவாட்ல் என்ற தாய். மூன்றாவதாக ஷிலோனென் என்ற குமரி. தோண்டத் தோண்ட இலாமடெக்குட்லி என்ற கிழவி வேறு வருவாள். நான் ஆரம்பத்தில் ஒரு நோட்டில் வம்சாவளி போட்டுப் பார்த்தேன். யார் யாருக்கு மகன், யார் யாருக்கு மனைவி என்று கோடு கோடாக இழுத்தேன். ஒரு கதையில் மகனாக இருப்பவர் அடுத்த கதையில் வேறொருத்தியின் மகனாகிவிடுவார். நோட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுச் செடியைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். அப்புறம் எல்லாம் தானாக இடத்தில் உட்கார்ந்தது.

அந்த வழியைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். நாலைந்து மாலைகள் ஒதுக்கினால் போதும்.

முதலில் கொஞ்சம் பின்னணி. ஆஸ்டெக் என்று நாம் சொல்லும் மக்களில் முக்கியமானவர்கள் தங்களை மெஷிகா என்று அழைத்துக்கொண்டார்கள். மெக்சிகோ என்ற நாட்டுப் பெயர் அதிலிருந்து வந்ததுதான். மரபுக் கணக்கின்படி 1325-இல் ஏரி நடுவே ஒரு தீவில் டெனோச்டிட்லான் நகரத்தை அமைத்தார்கள். 1521 ஆகஸ்ட் 13 அன்று ஸ்பானியரும் அவர்களோடு சேர்ந்த உள்ளூர்ப் படைகளும் அதைப் பிடித்தார்கள். அதே இடத்தில்தான் இன்றைய மெக்சிகோ நகரம் நிற்கிறது. அவர்கள் பேசிய நாவாட்ல் மொழியை இன்றும் 15 லட்சம் பேருக்கு மேல் பேசுகிறார்கள்.

முதல் படி: சந்தைக்குப் போய் மூன்று கதிர் வாங்குங்கள்

விளையாட்டாகச் சொல்லவில்லை. காய்கறிக் கடையில் கொஞ்சம் பேபி கார்ன், தள்ளுவண்டியில் வேகவைத்து விற்பார்களே அந்த மாதிரி பச்சைக் கதிர் ஒன்று மடலோடு, அப்புறம் தீவனக் கடையிலோ தெரிந்த விவசாயியிடமோ நன்றாகக் காய்ந்த கதிர் ஒன்று. மூன்றையும் மேசைமேல் வரிசையாக வையுங்கள்.

மூன்றும் ஒரே செடி தருவதுதான். நாம் மூன்றையும் மக்காச்சோளம் என்று ஒரே பெயரில் முடித்துவிடுகிறோம். நாவாட்ல் மொழியில் மூன்றுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. மணி பிடிக்காத பிஞ்சு, ஷிலோட்ல். பால் பிடித்து மென்மையாக இருக்கும் பச்சைக் கதிர், எலோட்ல். முற்றிக் காய்ந்தது, சென்ட்லி. இதோடு முடியவில்லை. இளம் நாற்று டோக்ட்லி. உதிர்த்த மணிகள் ட்லவோல்லி. மணி உதிர்த்தபின் மிஞ்சும் சக்கை ஓலோட்ல். உச்சியில் விரியும் பூங்கொத்து மியாவாட்ல். மெக்சிகோவில் இன்று ஸ்பானிய மொழி பேசுகிறவர்கள்கூடப் பிஞ்சை ஹிலோட்டே என்றும், பச்சைக் கதிரை எலோட்டே என்றும் சொல்வது இந்தச் சொற்களின் மிச்சம்தான்.

பச்சைக் கதிரின் மடலை மெதுவாக உரியுங்கள். உள்ளே மயிர் மயிராக ஈரத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த இழைகளைக் கவனியுங்கள். ஒவ்வோர் இழையும் ஒவ்வொரு மணிக்குப் போகிறது. மகரந்தம் அந்த இழைவழியே இறங்கினால்தான் அந்த மணி உருவாகும். இழை பட்டுப்போனால் அந்த இடம் பொக்கையாகிவிடும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திருவிழாவுக்குப் போகும்போது தேவைப்படும்.

இன்னொரு எச்சரிக்கை. தமிழில் எழுதும்போது வெறும் "சோளம்" என்று எழுதிவிடாதீர்கள். நம் ஊரில் பல இடங்களில் அது வேறொரு தானியம், வெள்ளைச் சோளம், சிவப்புச் சோளம் என்போமே அது. மக்காச்சோளம் மெக்சிகோவில் சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் டியோசின்டே என்ற காட்டுப்புல்லிலிருந்து வளர்த்தெடுக்கப்பட்ட பயிர். "சோளத் தெய்வம்" என்று எழுதினால் வாசகர் மனத்தில் வேறு செடி முளைத்துவிடும்.

இரண்டாம் படி: கதிர்களுக்குத் தெய்வப் பெயரை மாட்டுங்கள்

பேபி கார்னுக்குப் பக்கத்தில் ஷிலோனென் என்று எழுதி வையுங்கள். ஷிலோட்ல் என்ற சொல் பெயருக்குள்ளேயே இருக்கிறது. இவள் குமரி, முற்றாத கதிர்.

காய்ந்த கதிருக்கு இரண்டு பெயர். ஒன்று சென்டியோட்ல். சென்ட்லி என்ற காய்ந்த கதிரும் டியோட்ல் என்ற தெய்வமும் சேர்ந்த பெயர், அவ்வளவுதான். ஓவியங்களில் பெரும்பாலும் இளைஞனாக வருவான். இன்னொன்று சிக்கோமெக்கோவாட்ல். சிக்கோமே என்றால் ஏழு, கோவாட்ல் என்றால் பாம்பு. ஏழு பாம்பு. இது பட்டப்பெயர் இல்லை, நாட்காட்டிப் பெயர். 20 நாட்குறிகளும் 13 எண்களும் சேர்ந்து சுழலும் 260 நாள் சக்கரம் ஒன்று அவர்களிடம் இருந்தது. அதில் "ஏழு பாம்பு" என்ற நாள் விதைக்கும் உணவுக்கும் உரியது. இவளுக்கே சிக்கோமோலோட்சின், அதாவது ஏழு கதிராள் என்ற பெயரும் உண்டு. ஏழு என்ற எண் வந்தாலே பக்கத்தில் எங்கோ மக்காச்சோளம் இருக்கும் என்று பழகிக்கொள்ளுங்கள்.

விதை, குதிர், வயிற்றுப்பாடு மொத்தமும் சிக்கோமெக்கோவாட்லின் பொறுப்பு. ஸ்பானியர் வந்து நூறாண்டு கழித்தும் இவள் போய்விடவில்லை. 1629-இல் எர்னாண்டோ ரூயிஸ் டி அலர்கோன் என்ற பாதிரியார் உள்ளூர் மந்திரங்களை ஒழிப்பதற்காகத் தொகுத்து எழுதினார். விதைக்கும்போது குடியானவர்கள் விதை மணியையே "ஏழு பாம்பு" என்று கூப்பிட்டுப் பேசியதை அதில் பதிந்து வைத்திருக்கிறார். ஒழிக்க நினைத்தவர் எழுதி வைத்ததால்தான் நமக்கு அது கிடைத்தது.

மணிகள் சுருங்கிப்போன பழைய கதிர் ஒன்று கிடைத்தால் அதற்கு இலாமடெக்குட்லி என்று பெயர் வையுங்கள். கிழத் தலைவி என்று பொருள். ஆண்டுக் கடைசியில் வரும் டிடிட்ல் மாதம் இவளுடையது.

ஆணா பெண்ணா என்று சண்டை போடத் தேவையில்லை. செடியின் வயது, அந்த வேளையில் அதற்கு என்ன தேவை, இவற்றைப் பொறுத்து உருவம் மாறுகிறது. மெக்சிகோவின் வஹாக்கா மாநிலத்தில் இன்றும் ஜூலையில் நடக்கும் கெலகெட்சா விழாவில் ஆண்டுதோறும் ஒரு பெண்ணைத்தான் "சென்டியோட்ல் தேவி" ஆகத் தேர்ந்தெடுக்கிறார்கள். பழைய ஏட்டில் ஆண், இன்றைய மேடையில் பெண்.

மூன்றாம் படி: மலையைப் பிளந்த கதையை ஒருமுறை முழுதாகப் படியுங்கள்

1558-இல் நாவாட்ல் மொழியில் எழுதப்பட்ட ஏடு ஒன்றில் இந்தக் கதை இருக்கிறது. சுருக்கமாகச் சொல்கிறேன்.

மனிதர்களை உண்டாக்கியாயிற்று. கீழுலகத்திலிருந்து இறகுப் பாம்புத் தெய்வமான கெட்சல்கோவாட்ல் எலும்புகளைக் கொண்டுவந்தான், ஒரு தேவி அவற்றை மாவு அரைப்பதுபோல் அரைத்தாள், அவன் தன் ரத்தத்தை அதில் சொட்டவிட்டான், மனிதர்கள் பிறந்தார்கள். சரி, இவர்கள் எதைச் சாப்பிடுவார்கள்? தேவர்களுக்கு அப்போதுதான் அந்தக் கேள்வியே வருகிறது.

அந்த நேரம் ஒரு சிவப்பு எறும்பு மணியைத் தூக்கிக்கொண்டு போகிறது. எங்கே எடுத்தாய் என்று கெட்சல்கோவாட்ல் கேட்கிறான். எறும்பு வாயைத் திறக்கவில்லை. விடாமல் நச்சரித்தபின் ஒரு மலையைக் காட்டுகிறது. டொனகடெபெட்ல், உணவு மலை. கெட்சல்கோவாட்ல் கறுப்பு எறும்பாக மாறி உள்ளே போகிறான். இருவருமாக மணிகளை வெளியே கடத்துகிறார்கள். தேவர்கள் அதை மென்று கூழாக்கி மனிதரின் உதட்டில் வைக்கிறார்கள். பிள்ளைகளுக்குத் தெம்பு வருகிறது.

எறும்பு வேகத்தில் எத்தனை நாள் சோறு போடுவது? மலையையே கயிறு கட்டித் தூக்கப் பார்க்கிறான் கெட்சல்கோவாட்ல். அசையவில்லை. ஓஷொமோகோ, சிபக்டொனால் என்ற ஆதித் தம்பதி மக்காச்சோள மணிகளை உருட்டிக் குறி பார்க்கிறார்கள். நானாவாட்ல்தான் உடைப்பான் என்று குறி சொல்கிறது. உடம்பெல்லாம் புண்ணோடு இருந்த அவன்தான் பின்னால் நெருப்பில் குதித்துச் சூரியனாகப் போகிறவன். அவன் மலையை உடைக்கிறான். அடுத்த நொடி நீலம், வெள்ளை, மஞ்சள், சிவப்பு நிற மழைத் தேவர்கள் பாய்ந்து உள்ளே இருந்த வெள்ளை, கறுப்பு, மஞ்சள், சிவப்பு மக்காச்சோளத்தையும் அவரையையும் கீரைவிதையையும் சியாவையும் அள்ளிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

கதை அங்கேயே முடிகிறது. திருப்பி வாங்கியதாக ஒரு வரிகூட இல்லை. உணவு மழையின் கையில் மாட்டிக்கொண்டது, ஆண்டுதோறும் அதனிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். மழைத் தெய்வமான ட்லாலோக்குக்கு ஏன் அத்தனை விழா, மக்காச்சோள விழாக்களில் ஏன் எப்போதும் அவன் சாயல் என்று யோசித்தால் விடை இந்தத் திருட்டில் இருக்கிறது.

இன்னொரு மரபுக் கதையில் சென்டியோட்ல் தானே மண்ணுக்குள் போகிறான். அவன் தலைமுடியிலிருந்து பருத்தி, மூக்கிலிருந்து சியா, விரல்களிலிருந்து சர்க்கரைவள்ளி, நகங்களிலிருந்து மக்காச்சோளம். காய்ந்த கதிரிலிருந்து ஒரு மணியைப் பெயர்த்து உங்கள் நகத்தோடு ஒட்டிவைத்துப் பாருங்கள். கதை சொன்னவன் எதைப் பார்த்துச் சொன்னான் என்று தெரியும்.

நான்காம் படி: படத்தில் அடையாளம் காணப் பழகுங்கள்

கற்சிலை என்றால் முதலில் கையைப் பாருங்கள். ஒரு கையில் இரண்டு கதிர் ஜோடியாகச் சேர்ந்திருந்தால் அது மக்காச்சோளத் தேவிதான். அடுத்து தலை. பெட்டி வடிவத்தில் பெரிய சதுரக் கிரீடம், மூலைகளில் காகிதப் பூ, இப்படி இருந்தால் சிக்கோமெக்கோவாட்ல். அந்தக் கிரீடத்துக்கு அமகல்லி என்று பெயர், காகித வீடு என்று அர்த்தம். வண்ண ஓவியத்தில் அவள் முகமும் உடம்பும் சிவப்பாக இருக்கும். தலையில் எளிய பட்டை மட்டும், கையில் கதிர், முகம் சிறு பெண் முகம் என்றால் ஷிலோனெனாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஏமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு. நீர்நிலைகளின் தேவியான சால்சியூட்லிக்குவேயும் பட்டை கட்டி இருபுறமும் குஞ்சம் தொங்கவிட்டிருப்பாள். கதிர் இல்லையென்றால் அவசரப்பட்டு மக்காச்சோளத் தேவி என்று சொல்லிவிடாதீர்கள். அருங்காட்சியகங்களே பல சிலைகளுக்கு "ஷிலோனென் அல்லது சிக்கோமெக்கோவாட்ல்" என்று எழுதி வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றன. அதில் தப்பில்லை.

சென்டியோட்லுக்கு மஞ்சள் முகம். நெற்றியிலிருந்து கண்வழியாகத் தாடைவரை ஒரு கறுப்புக் கோடு இறங்கும். தலையில் கதிர்கள். இந்தக் கோட்டை ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது. இரவுகளை மாறி மாறி ஆளும் ஒன்பது தலைவர்களில் இவன் நான்காவது, பகலின் பதின்மூவரில் ஏழாவது. மறுபடியும் ஏழு.

ஐந்தாம் படி: ஆண்டோடு சேர்ந்து நடங்கள்

அவர்களுடைய ஆண்டுக்கு 18 மாதம், மாதத்துக்கு 20 நாள், கடைசியில் யாருக்கும் ஆகாத ஐந்து நாள். மாதங்களை நம் நாட்காட்டியோடு நாள் பிசகாமல் பொருத்துவதில் அறிஞர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. அதனால் தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். பதினெட்டையும் மனப்பாடம் செய்யாதீர்கள். மக்காச்சோளத்துக்கு மூன்று மாதம் போதும்.

முதலாவது, ஏப்ரல் வாக்கில் வரும் வெய் டொசொஸ்ட்லி. மழைக்கு முந்தைய வறண்ட காலம். வயலுக்குப் போய் இளம் செடிகளைக் கொண்டுவந்து வீட்டுத் தெய்வத்தின் முன் நட்டு வைப்பார்கள். கூடையில் உணவு, அதன்மேல் சமைத்த தவளை ஒன்று. அந்தத் தவளைக்கு முகத்தில் நீல வண்ணம், இடுப்பில் பெண்கள் கட்டும் பாவாடை. இதைப் படித்த அன்று நான் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன், அவ்வளவு பிடித்திருந்தது.

அப்புறம் சிறுமிகளின் ஊர்வலம். கையிலும் காலிலும் சிவப்பு இறகு ஒட்டி, முகத்தில் மினுக்கம் பூசி, ஒவ்வொருத்தியும் ஏழு கதிர்களைக் காகிதத்தில் சுற்றி முதுகில் சுமந்து வருவாள். காகிதத்தில் ரப்பர் பால் தெளித்திருக்கும். வழியில் எவனாவது ஓர் இளைஞன் ஏதாவது சொல்லிச் சீண்டினால் கூட வரும் பாட்டிமார் சும்மா விடமாட்டார்கள். போரில் ஒருவனையாவது சிறைபிடிக்கும்வரை இளைஞர்கள் பிடரியில் ஒரு குடுமியை வெட்டாமல் விட்டிருப்பார்கள். "பிடரிக் குடுமிக்காரனுக்குப் பேச்சு வேறயா? முதலில் அந்தக் குடுமியை எடுக்க வழி பாரு, நீயும் என்னைப்போல் ஒரு பொம்பளைதான்" என்ற தோரணையில் விழும் ஏச்சு. பையன் ஏதோ முனகி மழுப்பிவிட்டு நகர்ந்துவிடுவான். ஆனாலும் உள்ளே சுருக்கென்று தைத்திருக்கும் என்று ஃப்ளாரன்டைன் கோடெக்ஸ் என்ற ஏடு சொல்கிறது (ஏழாம் படியில் அதைப் பார்ப்போம்).

அந்த ஏழு கதிரைக் கோயிலில் வைத்து எடுத்துப் போய்க் குதிரின் அடியில் போடுவார்கள். அது "குதிரின் இதயம்". அடுத்த விதைப்புக்கு விதை அதுதான். எவ்வளவு பசித்தாலும் அதில் கைவைக்கக் கூடாது.

இரண்டாவது, ஜூலை வாக்கில் வரும் வெய் டெக்குயில்வீட்ல். பழைய தானியம் தீர்ந்து புதியது முற்றாத பஞ்ச மாதம். அரசன் ஏழைகளுக்குத் தொடர்ந்து பல நாள் கஞ்சியும், மக்காச்சோள மாவை மடலில் சுற்றி வேகவைத்த டமாலும் கொடுப்பான். இரவில் பந்த வெளிச்சத்தில் வீரர்களும் பெண்களும் ஆடுவார்கள். பெண்கள் கூந்தலை அவிழ்த்துவிட்டு ஆடுவார்கள். மடலை உரித்தபோது பார்த்த இழைகள் நினைவிருக்கிறதா? எனக்கு இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

விழாவின் முடிவில் ஷிலோனெனாக அலங்கரிக்கப்பட்ட பெண் சென்டியோட்ல் கோயிலில் பலியிடப்பட்டாள். முகத்தில் பாதி மஞ்சள், பாதி சிவப்பு. அதன் பிறகுதான் ஊரார் பிஞ்சு மக்காச்சோள அடையைத் தின்னலாம், இனிக்கும் தட்டையை மெல்லலாம். இதைப் பூசி மெழுகாமல் படியுங்கள். அதே நேரம் இதை மட்டுமே ஆஸ்டெக் என்று எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடாதீர்கள். பாட்டியின் ஏச்சும் பாவாடை கட்டிய தவளையும் இந்தப் பலியும் ஒரே ஏட்டில், அடுத்தடுத்த பக்கங்களில் இருக்கின்றன.

மூன்றாவது, ஓச்பானிஸ்ட்லி, துடைப்பத்தால் பெருக்கும் மாதம். டோசி என்ற பாட்டித் தெய்வத்தின் விழா. சிக்கோமெக்கோவாட்லின் பூசாரிகள் உயரத்திலிருந்து பல நிற மக்காச்சோளத்தையும் பூசணி விதையையும் கூட்டத்தின்மேல் வீசுவார்கள். ஒருவர்மேல் ஒருவர் விழுந்து பொறுக்குவார்கள். பயிர் முற்றும் காலம், உறைபனி வந்துவிடுமோ என்ற பயமும் கூடவே இருக்கும். டெனோச்டிட்லான் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருந்த ஊர். உறைபனிக்கே இட்ஸ்ட்லாகொலியுக்கி என்று ஒரு தெய்வம் உண்டு, வளைந்த கத்திபோன்ற தலையோடு இருப்பான்.

அந்தப் பயம் வெறும் கற்பனை இல்லை. 1450-களில் பனியும் வறட்சியும் தொடர்ந்து வந்து, 1454-இல் பஞ்சம் உச்சத்தைத் தொட்டது. மக்கள் கீழைக் கடற்கரைப் பகுதியினரிடம் மக்காச்சோளத்துக்காகத் தங்களையே விற்றுக்கொண்டார்கள். பெண் பிள்ளையை 400 கதிருக்குக் குறைந்து விற்கக் கூடாது, ஆண் பிள்ளையை 500-க்குக் குறைந்து விற்கக் கூடாது என்று அரசன் விலை வைத்ததாக டியேகோ டுரான் என்ற துறவி எழுதுகிறார். தெய்வங்களின் பெயரை மறந்தாலும் இந்த எண்களை மறக்காதீர்கள்.

இவை போக எட்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் விழா ஒன்று இருக்கிறது. அடமால்குவாலிஸ்ட்லி என்று பெயர், தண்ணீர் டமால் தின்பது. ஏழெட்டு நாள் உப்பு, மிளகாய், சுண்ணாம்பு எதுவும் சேர்க்காமல் வெறும் தண்ணீரில் செய்த டமால் மட்டும். காரணம், மக்காச்சோளத்துக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். தினமும் அதை வேகவைத்து, சுண்ணாம்பு போட்டு, உப்பும் காரமும் சேர்த்துப் பாடாய்ப் படுத்துகிறோம், அது கிழடாகிவிடுகிறது, இப்படி விட்டால் மறுபடி இளமையாகும் என்றார்கள். உணவுக்கு நாம் விரதம் இருப்பது தெரியும். உணவுக்கு லீவு விடுவதை நான் இங்கேதான் முதலில் பார்த்தேன்.

ஆறாம் படி: கோயிலை விட்டு அடுப்படிக்கு வாருங்கள்

அடுப்படியில் தெய்வம் என்ற பேச்சே வராது. வெறும் பழக்கவழக்கம். ஆனால் மேலே சொன்ன அத்தனையும் அங்கேதான் உயிரோடு இருந்தது.

மாலையில் காய்ந்த மணியைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறவிடுவார்கள். அதற்கு நிஷ்டமல்லி என்று பெயர். தோல் கழன்று மாவு இழுக்கும். சுண்ணாம்பு சேர்ப்பதால்தான் மக்காச்சோளத்தில் கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்ற வைட்டமின் உடம்பில் சேர்கிறது. இந்தச் செய்முறையை விட்டுவிட்டுச் செடியை மட்டும் எடுத்துப்போன ஐரோப்பாவில், அதையே தின்று வாழ்ந்த ஏழைகளை அந்த வைட்டமின் குறைவால் வரும் பெலாக்ரா நோய் வாட்டியது. காலையில் அம்மிபோன்ற சாய்ந்த கல்லில் அரைத்து, மண் தட்டில் ட்லஷ்கல்லி சுடுவார்கள். ஸ்பானியர் அதற்கு வைத்த பெயர்தான் டார்ட்டியா.

மணியைப் பானையில் போடுமுன் பெண்கள் அதன்மேல் வாயால் ஊதுவார்கள். மூச்சுச் சூடு பட்டால் கொதிநீரைக் கண்டு அது பயப்படாதாம். கீழே சிந்திக் கிடக்கும் மணியைக் கண்டவர் பொறுக்கியே ஆக வேண்டும். "நம் சோறு அழுதுகொண்டு கிடக்கிறது, எடுக்காவிட்டால் ஆண்டவனிடம் போய் நம்மைப் பற்றிச் சொல்லிவிடும்" என்பது நம்பிக்கை. அடை தட்டில் மடங்கிக்கொண்டால் வீட்டுக்கு ஆள் வரப்போகிறது. பானையில் ஒட்டிய டமாலை ஆண்கள் தின்றால் போரில் அம்பு குறி தவறும்.

எந்தத் தெய்வத்தின் கதையைப் படித்தாலும் இந்த ஊதுகிற பெண்ணை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். சென்டியோட்ல் யார் என்ற கேள்வி பாதி தீர்ந்துவிடும்.

ஏழாம் படி: மூலத்தைத் திறங்கள்

மேலே சொன்னதில் பெரும்பகுதி ஃப்ளாரன்டைன் கோடெக்ஸ் என்ற ஏட்டிலிருந்து வருவது. பெர்னார்டினோ டி சஹாகுன் என்ற பிரான்சிஸ்கன் துறவி, நாவாட்ல் அறிந்த உள்ளூர் எழுத்தாளர்களோடும் ஓவியர்களோடும் சேர்ந்து பல்லாண்டு உழைத்து 1577 வாக்கில் முடித்தது. மொத்தம் 12 புத்தகம், ஒரு பத்தியில் நாவாட்ல், பக்கத்தில் ஸ்பானிய மொழி. இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகர நூலகத்தில் இருக்கிறது. 2023-இல் அமெரிக்காவின் கெட்டி ஆய்வு நிறுவனம் முழுவதையும் இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டது. முதல் புத்தகம் தெய்வங்கள், இரண்டாவது விழாக்கள், ஐந்தாவது சகுனங்கள். என் யோசனை, ஐந்திலிருந்து தொடங்குங்கள். சின்னது, சுவாரசியமானது, பெயர்கள் கழுத்தை நெரிக்காது. அடுத்து இரண்டு. முதல் புத்தகத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதியவர் ஒரு துறவி, அந்தச் சமயத்தை மாற்ற வந்தவர் என்பதை மறக்க வேண்டாம். ஸ்பானியப் பத்தியும் நாவாட்ல் பத்தியும் பல இடங்களில் ஒத்துப்போகாது. நாவாட்ல் பத்தியின் மொழிபெயர்ப்பு கிடைத்தால் அதையே பாருங்கள்.

படங்களுக்கு, பாரிஸில் உள்ள போர்போனிக்கஸ் ஏட்டில் ஓச்பானிஸ்ட்லி பக்கத்தைத் தேடுங்கள். பிரம்மாண்டமான காகிதக் கிரீடத்தோடு சிக்கோமெக்கோவாட்ல் நடுவில் நிற்பாள், சுற்றிலும் நிறத்துக்கு ஒருவராக மழைத் தேவர்கள். உணவு மலைக் கதையைப் படித்துவிட்டுப் பார்த்தால் அவர்கள் யார், ஏன் நிற்கிறார்கள் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வழுக்கும் இடங்கள்

மாயாக்களோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். மனிதனை மக்காச்சோள மாவில் பிசைந்து செய்தார்கள் என்பது குவாத்தமாலாவின் கிச்சே மாயாக்களின் கதை. ஆஸ்டெக் கதையில் மனிதன் எலும்பும் ரத்தமும், மக்காச்சோளம் அப்புறம் வந்த சோறு. இணையத்தில் பாதிப் பதிவுகள் இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டியிருக்கும்.

உச்சரிப்பு கொஞ்சம் படுத்தும். சிக்கோமெக்கோவாட்லின் முதலெழுத்தைப் "பச்சை"யில் வரும் ச்ச போல அழுத்திச் சொல்ல வேண்டும். சென்டியோட்லின் முதலெழுத்து "பசி"யில் வரும் ச. கடைசி "ட்ல்" ஒரே மூச்சில், குரல் எழும்பாமல் காற்றாக வெளிவரும். சரியாக வராவிட்டால் பரவாயில்லை, ஸ்பானியருக்கே வரவில்லை.

இன்னொன்று, இறந்தகாலத்திலேயே எழுதிவிடாதீர்கள். வெராகுருஸ், இடால்கோ மாநிலங்களின் உவாஸ்டெகா மலைப்பகுதியில் நாவா மக்கள் இன்றும் மக்காச்சோளத்தைச் சிக்கோமெஷோச்சிட்ல், ஏழு மலர், என்ற குழந்தையாகக் கொண்டாடுகிறார்கள். நல்ல கதிர்களாகப் பொறுக்கிச் சேர்த்துக் கட்டி, ஒன்றுக்குப் பையன் சட்டையும் ஒன்றுக்குப் பெண் பாவாடையும் போட்டுப் பூசை அறையில் உட்கார வைக்கிறார்கள். காகிதத்தை மடித்து வெட்டி உருவம் செய்து பக்கத்தில் அடுக்குகிறார்கள். நிலத்தின் தேவையைப் பொறுத்து மழை கேட்டோ விளைச்சலுக்கு நன்றி சொல்லியோ இரவு முழுவதும் வயலின் வாசித்து ஆடுகிறார்கள்.